‘பழகிக்கொண்டது’ என்று எழுதும் பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: உயர்நிலை வகுப்புகளுக்கு ஆறு ஆண்டுகளாக உயிரியல் எடுக்கிறேன். சூழலியலும் பரிணாமமும்தான் என்னை ஏமாற்றுகிற பாடங்கள். வகுப்பில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். ‘இயற்கைத் தேர்வு என்றால் என்ன?’ என்று கேட்டால் வரி பிசகாமல் எழுதுகிறார்கள். அதே தாளில், ‘ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சில ஆண்டுகளில் பலனற்றுப் போவது ஏன்?’ என்று கேட்டிருந்தேன். நாற்பது பேரில் முப்பத்தொரு பேர், ‘பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொண்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். முதல் மதிப்பெண் வாங்கும் மாணவியும் அதில் உண்டு. இதற்கு மதிப்பெண் போடுவதா வேண்டாமா? சூழலியலோ ‘சும்மா மார்க் வாங்குற பாடம்’ என்று பெயரெடுத்துவிட்டது; உணவு வலையை அழகாக வரைகிறார்கள், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் விழிக்கிறார்கள். போதாக்குறைக்கு ஒரு மாணவன், ‘பரிணாமத்தை நம்பினால்தான் மார்க் போடுவீர்களா?’ என்று கேட்டான். இவற்றை எப்படி நடத்துவது, எப்படித் திருத்துவது?
— ஓர் உயிரியல் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த முப்பத்தொரு தாள்களையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். இந்த ஆண்டு உங்கள் கையில் இருப்பதிலேயே நல்ல பாடப்பொருள் அதுதான். நாற்பது பேரும் சரியாக எழுதிய வரையறைக் கேள்வி உங்களுக்கு எதையுமே சொல்லவில்லை. பிள்ளைகளின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று காட்டிக்கொடுத்தது இரண்டாவது கேள்விதான்.

நானும் இதில் அடிபட்டவன். ‘பரிணாமக் கொள்கையை விளக்குக’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வைத்தேன். வகுப்பே நாலரைக்குக் குறையாமல் வாங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் பேச்சுவாக்கில், ‘இருட்டுக் குகைக்குள் வாழும் மீனுக்கு ஏன் கண் இல்லை?’ என்று கேட்டேன். ‘பயன்படுத்தவில்லை, அதனால் போய்விட்டது’ என்று ஒரே குரலில் பதில் வந்தது. முந்தின வாரம் நான் போட்ட நாலரை மதிப்பெண் எதற்கு என்று அன்றைக்கு எனக்கே விளங்கவில்லை.

பிள்ளைகள் படிக்காததால் இது வருவதில்லை. அவர்கள் கண்முன் நிற்பது எப்போதும் ஒரே ஒரு உயிர்: ஒரு பாக்டீரியா, ஒரு மீன், ஒரு ஒட்டகச்சிவிங்கி. அந்த ஒன்று கஷ்டப்படுகிறது, முயல்கிறது, மாறுகிறது. நமக்குத் தெரிந்த எல்லாக் கதைகளிலும் நாயகனுக்கு அப்படித்தான் நடக்கும். ஆனால் பரிணாமத்தில் மாறுவது கூட்டம். எந்தப் பாக்டீரியாவும் தன் வாழ்நாளில் எதற்கும் ‘பழக’ வேண்டியதில்லை; கூட்டத்துக்குள் யார் எத்தனை பேர் என்ற விகிதம் மாறினால் போதும். உணவு வலையில் பிள்ளைகள் தடுமாறுவதற்கும் காரணம் இதேதான். ஒரு புலி ஒரு மானைத் தின்கிறது என்று பார்க்கிறார்கள். எத்தனை புலிக்கு எத்தனை மான் என்று பார்ப்பதில்லை. நீங்கள் இரண்டு நோய் என்று நினைப்பது ஒரே நோய்.

நம் மொழியும் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது, தவறான பக்கத்துக்கு. பாடநூலையும் உங்கள் சொந்தக் குறிப்புகளையும் புரட்டி, ‘கொள்’ என்று முடியும் வினைகளை எண்ணிப் பாருங்கள். தகவமைத்துக்கொண்டது, மாற்றிக்கொண்டது, வளர்த்துக்கொண்டது, காத்துக்கொள்கிறது. தமிழில் ‘கொள்’ சேர்ந்தால் செய்தவரே தமக்காகச் செய்தார் என்று பொருள். ‘சட்டையை மாட்டிக்கொண்டான்’ என்பதைப்போல ‘தடித்த தோலை வளர்த்துக்கொண்டது’ என்று நாமே எழுதிவிட்டு, பிள்ளை ‘பழகிக்கொண்டது’ என்று எழுதினால் சிவப்பு மையை எடுக்கிறோம். ‘வெப்பத்தைத் தாங்குவதற்காக’ என்பதில் உள்ள அந்த ‘ஆக’வும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கலைச்சொற்களும் சும்மா இருப்பதில்லை. ‘பரிணாம வளர்ச்சி’ என்றால் ஏதோ மேலே மேலே வளர்கிறது என்றுதான் காதில் விழும். அந்த ‘வளர்ச்சி’யை வெட்டிவிட்டு ‘பரிணாமம்’ என்று மட்டும் சொல்லுங்கள். இலங்கைத் தமிழில் ‘கூர்ப்பு’ என்கிறார்கள், அதில் இந்தச் சிக்கல் இல்லை. ‘இயற்கைத் தேர்வு’ என்றதும் தேர்வறையும் தேர்ந்தெடுக்கும் ஒருவரும் மனதில் வந்துவிடுகிறார்கள். ‘வல்லது வாழும்’ என்ற சொற்றொடரை வகுப்புக்குள்ளேயே விடாதீர்கள். ‘தக்கன பிழைக்கும்’ எவ்வளவோ மேல். தகுதி என்பது அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் உரியது என்பது அதிலேயே இருக்கிறது. ‘survival of the fittest’ என்ற அந்த ஆங்கிலச் சொற்றொடரைக்கூட முதலில் எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற தத்துவவாதி, 1864-இல். டார்வின் 1869-இல் தம் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஐந்தாம் பதிப்பில்தான் அதை எடுத்துக்கொண்டார்.

இதற்கு நான் வைத்திருந்த பயிற்சி எளிது. இரண்டு வாரத்துக்கு வகுப்பில் யாரும், நான் உட்பட, ‘கொள்’ போடக் கூடாது. போட்டால் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொண்டது’ என்பதை ‘கொள்’ இல்லாமல் சொல் என்றால் பிள்ளை திணறும். திணறித் திணறி, ‘மருந்தைத் தாங்கக்கூடியது சிலது ஏற்கெனவே இருந்தது, மத்ததெல்லாம் செத்துப்போச்சு, அதுங்க மட்டும் மிஞ்சிச்சு’ என்று வந்து நிற்கும். அந்த ‘மிஞ்சிச்சு’ இருக்கிறதே, டார்வினுடைய பாதி நூல் அதில் அடங்கிவிடும். பேச்சுவழக்கில் சொல்கிறார்களே என்று தடுக்காதீர்கள்.

ஆனால் மொழியைத் திருத்துவதால் மட்டும் நம்பிக்கை மாறாது. ‘ஏற்கெனவே இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும், மருந்து பட்ட பிறகுகூட மாறியிருக்கலாமே?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். நியாயமான கேள்வி அது. 1940-களில் ஆய்வாளர்களே இதைத்தான் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற மரபியலாளர்கள் இருவரும் 1952-இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை சொன்னது. அதை வகுப்பில் நடத்த ஆய்வகம் வேண்டாம். கட்டம் போட்ட தாள் போதும்.

அவர்கள் செய்தது இது. ஒரு தட்டில் பாக்டீரியா காலனிகள், அதாவது ஒரே இடத்தில் பெருகிய சிறு கூட்டங்கள், மருந்தே இல்லாமல் வளர்ந்திருக்கின்றன. ஒரு கட்டையின் முகத்தில் வெல்வெட் துணியைக் கட்டி, முத்திரை குத்துவதுபோல அந்தத் தட்டில் ஒற்றினார்கள். துணியின் இழைகளில் ஒவ்வொரு காலனியிலிருந்தும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், இடம் மாறாமல். பிறகு அதே துணியை மருந்து கலந்த தட்டுகளில் அடுத்தடுத்து ஒற்றினார்கள். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை செத்துவிடும், சில இடங்களில் மட்டும் முளைக்கும்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுங்கள். விடையைச் சொல்லாமல் ஆளுக்கு இரண்டு தாள் கொடுங்கள். முதல் தாளில், மருந்தைக் கண்ட பிறகுதான் பாக்டீரியா மாறுகிறது என்றால் மூன்று மருந்துத் தட்டுகளிலும் எங்கெங்கே முளைக்கும் என்று புள்ளி வைக்க வேண்டும். இரண்டாவதில், தாங்குபவை முன்பே இருந்தன என்றால் எங்கே முளைக்கும் என்று வைக்க வேண்டும். கால் மணி நேரம் வகுப்பில் சத்தமாக இருக்கும், இருக்கட்டும். முதல் தாளில் புள்ளிகள் தட்டுக்குத் தட்டு கண்ட இடத்தில் விழ வேண்டும். இரண்டாவதில் மூன்றிலும் ஒரே இடத்தில். லெடர்பெர்க் தம்பதி கண்டது இரண்டாவது. அதோடு விடவில்லை; மருந்தைக் கண்ணாலேயே காணாத மூலத் தட்டில் அதே இடத்துக் காலனியை எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் மருந்தைத் தாங்குபவை இருந்தன. உங்கள் முதல் மதிப்பெண் மாணவி அந்த இரண்டு தாள்களையும் சரியாகப் புள்ளியிட்டுவிட்டால், நீங்கள் ‘பழகிக்கொண்டது’ தவறு என்று சொல்ல வேண்டிய தேவையே இராது. இந்தப் புள்ளித்தாள் ஒரு நல்ல தேர்வும்கூட. திருத்த ஒரு தாளுக்கு அரை நிமிடம் ஆகாது.

போகிற போக்கில் ஒன்று: லாமார்க்கைக் கேலிப்பொருளாக்காதீர்கள். 1809-இலேயே உயிர்கள் மாறுகின்றன என்று துணிந்து எழுதியவர். பயன்படுத்தும் உறுப்பு வளரும், பயன்படுத்தாதது தேயும், அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்பது அவர் எண்ணம். பிள்ளைகளின் இயல்பான சிந்தனையும் அவருடையதை ஒட்டியிருப்பதால், அவரைப் பார்த்துச் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக எடுத்துக்கொண்டு பிள்ளை வாயை மூடிவிடும்.

இனி, எதை முதலில் நடத்துவது? என் கட்சி, சூழலியல் முதலில். அதுவும் உணவுச் சங்கிலியில் தொடங்காமல், எண்ணுவதில் தொடங்க வேண்டும். வெளியே அழைத்துப்போய், ஒரே வகைச் செடி முப்பதைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மேலிருந்து மூன்றாவது இலையை மில்லிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே செடியில் முப்பது இலைகளை அளக்கட்டும். இரண்டுக்கும் பட்டை வரைபடம் போட்டால் இரண்டுமே நடுவில் புடைத்து ஓரத்தில் சரியும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இதை நோட்டில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சும்மா இருங்கள். இயற்கைத் தேர்வு வரும்போது எடுத்து, ‘இந்த இரண்டு வேறுபாடுகளில் தேர்வு வேலை செய்ய எது உதவும்?’ என்று கேளுங்கள். ஒரே செடியின் இலைகளுக்கு மரபணு ஒன்றே. வெயிலும் நிழலும் இலையைப் பெருக்கும், சிறுக்கும், ஆனால் அடுத்த தலைமுறைக்கு அந்த வேறுபாடு போகாது. முப்பது செடிகளின் வேறுபாட்டில் எவ்வளவு மரபு, எவ்வளவு மண்ணும் தண்ணீரும் என்பதும் அளந்த உடனே தெரிந்துவிடாது. விதையை எடுத்து ஒரே மாதிரி மண்ணில் வளர்த்துப் பார்க்க வேண்டும். ‘மரபுவழி கடத்தப்படும் வேறுபாடு’ என்ற வறட்டுச் சொற்றொடருக்கு இப்படித்தான் உயிர் வரும்.

அந்த வரைபடம் கையில் இருக்கும்போதே கலாபகஸ் தீவுக்கூட்டத்துக் குருவிகளைக் கொண்டுவந்துவிடலாம். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற ஆய்வாளர் தம்பதி 1973 முதல் அங்கே டாப்னி மேஜர் என்ற சிறு தீவில் ஆண்டுதோறும் ஃபிஞ்ச் (finch) எனப்படும் குருவிகளின் அலகை அளந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சின்ன, மென்மையான விதைகள் தீர்ந்தன. மிஞ்சியது பெரிய, கெட்டி விதைகள். முக்கியமாக நம் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முள் விதை. அவற்றில் ‘நடுத்தரத் தரை ஃபிஞ்ச்’ என்ற வகைக் குருவிகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன. அலகு தடித்தவை கூடுதலாகத் தப்பின, அவற்றின் குஞ்சுகளுக்கும் சராசரி அலகு முந்தைய தலைமுறையைவிடத் தடிப்பாக இருந்தது. எவ்வளவு என்று கேட்டால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு. அந்த ‘அரை மில்லிமீட்டர்’ என்பதைச் சொல்லத் தவறாதீர்கள். பரிணாமம் என்றால் டைனோசர் அளவுக்கு ஏதாவது நடக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அது மருந்து. அதைவிட முக்கியம் 1983. அந்த ஆண்டு எல் நினோ மழை கொட்டியது, சின்ன விதைச் செடிகள் தீவை மூடின, அடுத்து வந்த வறட்சியில் சிறிய அலகுகளுக்குச் சாதகம் திரும்பியது. ‘வளர்ச்சி’ என்ற சொல் ஏன் பொருந்தாது என்று நீங்கள் தனியாக விளக்க வேண்டியதில்லை. எந்தக் குருவியின் அலகும் அதன் ஆயுளில் தடிக்கவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்துங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நான்கைந்து பேர் ‘கெட்டி விதை தின்று தின்று அலகு தடித்தது’ என்பார்கள்.

சூழலியல் ‘சும்மா மார்க்’ பாடமானதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்கும் கேள்விகள் அப்படி. உணவு வலை வரைந்தால் நான்கு மதிப்பெண், பத்து சதவீத விதி, அதாவது உணவுச் சங்கிலியில் ஒரு படியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்பது, எழுதினால் இரண்டு. 10,000 என்பதை 1,000 ஆக்கி, 100 ஆக்கி, 10 ஆக்குவது கணக்குப் பாடத்தின் மூன்றாம் வகுப்பு வேலை. மிச்சம் 90 சதவீதம் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். லிண்டெமன் என்ற சூழலியலாளர் 1942-இல் ஏரிகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த எண்ணம் அது. இடத்துக்கு இடம் மாறும் சராசரியே தவிர, இயற்கை கடைப்பிடிக்கும் வட்டிவிகிதம் இல்லை. மூச்சாகவும் வெப்பமாகவும் போனது, உண்ணப்படாமல் செத்தது, செரிக்காமல் வெளியேறியது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு விதி தெரியும்.

அம்புக்குறியில் ஒரு சின்ன வேலை. பாதிப் பேர் ‘தின்கிறது’ என்று நினைத்து அம்பைத் திருப்பிப் போடுவார்கள். ஒவ்வொரு அம்பையும் வேற்றுமை உருபு போட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: ‘புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு, வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு’. தலைகீழாகப் போட்டவர் படிக்கும்போது தவளையிலிருந்து வெட்டுக்கிளிக்கு ஆற்றல் போகும். அவரே சிரித்துவிட்டுத் திருத்துவார்.

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்ற எண்ணம் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மனப்பாடம் செய்தவர்களிடமும் அப்படியே உட்கார்ந்திருக்கும். வான் ஹெல்மாண்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ நாற்றை வைத்து ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் விட்டார். மரம் 169 பவுண்டு ஆனது. மண் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். 1648-இல் வெளிவந்த அந்தக் கணக்கை வைத்து அவர் ‘தண்ணீரே மரமானது’ என்று முடிவு செய்தார். எண்களை மட்டும் கொடுத்து, அவர் முடிவையும் சொல்லி, ‘இவர் எதை எடை போட மறந்தார்?’ என்று கேளுங்கள். காற்று என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அடுத்த வகுப்பைத் திட்டமிடலாம்.

உணவு வலையைப் பற்றிய நல்ல கேள்வி எப்படி இருக்கும்? இரண்டு சொல்கிறேன். ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர் வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பாறைகளில் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் விடாமல் அகற்றினார். பக்கத்தில் இன்னொரு பகுதியைத் தொடாமல் விட்டார். நட்சத்திர மீன் அங்கே மட்டி, கொட்டலசு, நத்தை எல்லாவற்றையும் தின்னும். ‘அகற்றிய பகுதியில் உயிரின வகைகள் கூடுமா குறையுமா?’ என்று கேளுங்கள். தின்பவனை எடுத்தால் எல்லாம் பெருகும் என்றுதான் வகுப்பு சொல்லும். 15 வகைகள் 8 ஆகின என்று அவர் 1966-இல் எழுதினார். மட்டி இடத்தைப் பிடித்து மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டது. வலைப் படத்தில் வராத ஒரு வளத்துக்காக, வெறும் பாறை இடத்துக்காக, போட்டி நடந்திருக்கிறது. வரைந்த அம்புகளை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது என்பதை இந்த ஒன்று கற்றுக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும் முயல்–லின்க்ஸ் வரைபடம். லின்க்ஸ் என்பது முயலைத் தின்னும் ஒரு காட்டுப்பூனை. இரண்டு அலைகள், ஒன்றன் பின்னால் ஒன்று. ‘லின்க்ஸ் கூடினால் முயல் குறையும்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்த வரைபடம் கம்பளித் தோல் வணிகக் கணக்குகளிலிருந்து வந்தது. காட்டில் யாரும் தலையெண்ணவில்லை என்பதே ஒரு நல்ல கேள்வி. கனடாவின் குளுவேன் பகுதியில் சார்லஸ் கிரெப்ஸ் குழு பல ஆண்டுகள் நடத்திய களச்சோதனையில், முயலுக்குக் கூடுதல் தீனி வைத்த இடத்தில் அடர்த்தி மூன்று மடங்கானது. கொன்றுண்ணி விலங்குகளை வேலி போட்டுத் தடுத்த இடத்தில் இரண்டு மடங்கு. இரண்டையும் சேர்த்துச் செய்த இடத்தில் 11 மடங்கு. ‘முயல்கள் குறைவதற்கு லின்க்ஸ்தான் காரணம் என்பவருக்கு இந்த எண்களைக் காட்டி என்ன பதில் சொல்வாய்?’ இதற்கு மனப்பாடத்தில் விடை கிடையாது. மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறுதானே, பதினொன்று ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குத் தனியாக ஒரு மதிப்பெண் கொடுங்கள், திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

களப்பணியைப் பற்றிச் சுருக்கமாக. செடிகளை எண்ணத் தரையில் வைக்கும் சதுரச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வீசு என்பார்கள். கை எப்போதும் பச்சை இருக்கும் பக்கம்தான் போகும். இடத்தைக் கட்டமாகப் பிரித்து, எண் குலுக்கி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அழகான பதிவேட்டுக்குப் போடாமல், ‘உன் எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம், ஏன்?’ என்ற ஒரே கேள்விக்குப் போடுங்கள். ஐந்து சட்டத்தில் எண்ணியவரும் இருபதில் எண்ணியவரும் தங்கள் சராசரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இனி சிவப்பு மை. நீங்கள் கேட்ட நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில்: ‘பழகிக்கொண்டது’ என்பதோடு நின்றால் மதிப்பெண் கிடையாது. ஆனால் அதை அறிவித்துவிட்டுத்தான் அடுத்த தேர்வில் செய்ய வேண்டும். நடந்து முடிந்த தாளில் பின்தேதியிட்டு வெட்டாதீர்கள். இரண்டு விடைகளை வைத்துப் பார்ப்போம். இரண்டும் நான் எழுதியவை, ஆனால் இரண்டையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

முதல் விடை: ‘டார்வினின் இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டின்படி, வாழ்க்கைப் போராட்டத்தில் பாக்டீரியாக்கள் சடுதி மாற்றத்தின் மூலம் நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிராகத் தம்மைத் தகவமைத்துக்கொண்டு தக்கன பிழைத்தல் அடிப்படையில் எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்கின்றன.’

இரண்டாம் விடை: ‘மருந்து போடுறதுக்கு முன்னாடியே சில பாக்டீரியா வேற மாதிரி இருந்துச்சு. மருந்து போட்டதும் அதுங்க சாகல, மத்தது செத்துச்சு. அதுங்களோட குட்டிங்களும் அதே மாதிரி. இப்ப எல்லாம் அதுங்கதான், அதனால மருந்து வேலை செய்யல.’

வழக்கமாக நாம் முதலாவதற்கு நாலு, இரண்டாவதற்கு இரண்டு போடுவோம். கலைச்சொல் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டுக்கொண்டே போகும் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. கோடு போடுவதை நிறுத்திவிட்டு நான்கு விஷயத்தை மட்டும் தேடுங்கள்: வேறுபாடு முன்பே இருந்ததா, அது அடுத்த தலைமுறைக்குப் போகுமா, அதனால் சில கூடுதலாகப் பிழைத்தனவா அல்லது பெருகினவா, கூட்டத்தில் விகிதம் மாறியதா. இரண்டாம் விடையில் நான்கும் இருக்கின்றன. பாக்டீரியாவுக்குக் ‘குட்டி’ என்று எழுதியதைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு நான்கையும் கொடுங்கள். முதல் விடையில் நான்கில் ஒன்றைக்கூட உறுதியாகக் காட்ட முடியாது. ‘சடுதி மாற்றம்’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் பாக்டீரியா அதைக் கருவியாகப் பயன்படுத்தியதுபோல எழுதப்பட்டிருக்கிறது. நான் ஒன்று போடுவேன், ஓரத்தில் ‘எப்போது நடந்தது, மருந்துக்கு முன்பா பின்பா?’ என்று எழுதுவேன். இந்தத் திட்டத்தைப் பிள்ளைகளிடமே கொடுத்து, இந்த இரண்டு விடைகளையும் அவர்களைத் திருத்த வைத்தால் ஒரு பாடவேளை போகும். ஆனால் நீங்கள் எடுக்கும் பாடவேளைகளில் அதைவிட லாபமானது குறைவு.

பொதுத்தேர்வில் முதல் விடைக்குத்தானே மதிப்பெண் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால் கலைச்சொல்லை ஒதுக்க வேண்டாம், கடைசியில் கற்றுக்கொடுங்கள். இரண்டாம் விடை எழுதத் தெரிந்தவருக்கு, ‘வேற மாதிரி இருந்துச்சு’ என்பதற்கு ‘மாறுபாடு’ என்று பெயர் என்று சொல்ல ஒரு நாள் போதும். முதல் விடை எழுதியவரை இரண்டாம் விடைக்குக் கொண்டுவர எனக்கு ஒரு பருவம் ஆகியிருக்கிறது.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களையும் இழிவாகப் பார்க்காதீர்கள். தவறான தெரிவுகளை நீங்கள் கற்பனை செய்து எழுதாமல், அந்த முப்பத்தொரு தாள்களிலிருந்து அப்படியே எடுத்துப் போடுங்கள். விடைக்குக் கீழே ‘ஏன்?’ என்று இன்னொரு நான்கு தெரிவு. இரண்டும் சரியானால்தான் மதிப்பெண்.

பரிணாம மரத்தை வாசிக்க ஒரு குறிப்பு மட்டும். ‘மனிதன் குரங்கிலிருந்து வந்தான்’ என்ற வாக்கியமும், வரிசையாக நிமிர்ந்து நடக்கும் அந்தப் படமும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. குச்சியும் நூலும் வைத்து மரத்தைக் கூரையில் தொங்கவிடுங்கள். கிளைகள் காற்றில் சுழலும். மனிதன் ஒரு நேரம் வலது ஓரத்தில் இருப்பான், ஒரு நேரம் நடுவில். சிம்பன்சியும் அவனும் சேரும் முடிச்சு மட்டும் மாறாது. ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, இப்போது இல்லாத ஒரு மூதாதை அங்கே இருக்கிறது என்பதை முடிச்சைத் தொட்டுக் காட்டலாம்.

நம்பினால்தான் மதிப்பெண்ணா என்று கேட்ட மாணவனுக்கு, ‘இல்லை’ என்று எல்லார் முன்னாலும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் திருத்துவது அவன் நம்பிக்கையை அல்ல, அறிவியல் இதை எப்படி விளக்குகிறது, எந்தச் சான்றை வைத்து விளக்குகிறது என்று அவனுக்குத் தெரிகிறதா என்பதைத்தான். வினாத்தாளிலும் அதற்கேற்ப ‘உயிரியலாளர் இதை எப்படி விளக்குவார்?’ என்று கேட்பது நல்லது. அதற்காகச் சான்றின் பலத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ‘வெறும் கோட்பாடுதானே’ என்று வந்தால், கோட்பாடு வேறு, ஊகம் வேறு என்று நிதானமாகச் சொல்லிவிட்டு டிக்டாலிக்கின் கதைக்குப் போங்கள்: மீனுக்கும் நாற்காலிக்கும் இடைப்பட்ட உயிர் இருந்திருந்தால் எந்த வயதுப் பாறையில் கிடைக்க வேண்டும் என்று முன்பே கணித்து, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போய்ப் பல பருவங்கள் தேடி, 2004-இல் 37.5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவத்தை எடுத்தார்கள். நாற்காலி என்றதும் வகுப்பு சிரிக்கும். நான்கு காலுள்ள விலங்கு என்று திருத்திக்கொண்டு தொடருங்கள்.

அடுத்த தேர்வுக்கு ஒரு கேள்வியும் சேர்த்து அனுப்புகிறேன். கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் மிளகுப் புள்ளி அந்துப்பூச்சிகளைக் குறியிட்டு விட்டுப் பிடித்த எண்கள் இவை. புகை படிந்த பர்மிங்காம் காட்டில், 1953: கறுப்பு 447 விட்டு 123 திரும்பக் கிடைத்தன, வெளிர் 137 விட்டு 18. புகையற்ற டார்செட் காட்டில், 1955: வெளிர் 496 விட்டு 62, கறுப்பு 473 விட்டு 30. சதவீதத்தைப் பிள்ளைகளே கணக்கிடட்டும், பிறகு மூன்று உட்கேள்விகள்:

அ) திரும்பக் கிடைக்காத பூச்சிகளுக்கு என்னென்ன ஆகியிருக்கலாம்? பறவை தின்றது என்பதைத் தவிர இன்னும் இரண்டு எழுது.

ஆ) ‘மரத்தின் நிறத்தோடு ஒத்துப்போகும் பூச்சிகளைப் பறவைகள் குறைவாகத் தின்கின்றன’ என்பது முடிவு. ஒரே ஒரு காட்டில் மட்டும் சோதனை செய்திருந்தால் இந்த முடிவை ஏன் நம்ப முடியாது?

இ) ‘புகையைக் கண்டு பூச்சிகள் தம்மைக் கறுப்பாக்கிக்கொண்டன’ என்று உன் நண்பர் எழுதியிருக்கிறார். அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுது. ‘கொள்’ வரக் கூடாது.